கரிச்சான் காவல்

விழுப்புரத்தில் பாசஞ்சர் வண்டி ஏறித் திண்டிவனம் செல்கிறவர்கள், இயன்றால் ஜன்னலோரமாக இடம் பிடித்துக்கொள்வது நலம். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று இடையில் நாலே ஸ்டேஷன்கள். தூரமோ நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவு. பார்ப்பதற்கு என்ன இருக்கிறதென்று பலர் கண்ணயர்ந்து விடுகிறார்கள். கரும்பும் நெல்லும், இப்பக்கத்தார் மல்லாட்டை என்று அழைக்கும் வேர்க்கடலையும்தான் இருக்கின்றன. ஆயினும் அவற்றின் நடுவே ஒரு பள்ளிக்கூடம் நடக்கிறது.

விக்கிரவாண்டியைத் தாண்டியதும் ஒரு வயலில் டிராக்டர் உழுதுகொண்டிருந்தது. அதன் பின்னே உண்ணிக்கொக்குகள் வெள்ளை வெளேரென்று அணிவகுத்து நடந்தன. மேயும் மாட்டின் காலடியிலிருந்து எழும்பும் வெட்டுக்கிளியைக் கொத்துவது இக்கொக்கின் பரம்பரைத் தொழில். மாட்டின் நடையைப் படித்துப் பிழைத்த பறவை, ஏர் போய் இயந்திரம் வந்தபோது திகைக்கவில்லை; மண்ணைக் கிளறுவது எதுவோ அதுவே தனக்கு மாடு என்று தீர்மானித்துவிட்டது!

கொக்கை விடச் சாமர்த்தியசாலி கரிச்சான் என்னும் இரட்டைவால் குருவி. முன்னாளில் தந்திக் கம்பியில் வீற்றிருந்தது. இப்போது மின்சாரக் கம்பியில் வீற்றிருக்கிறது. தன் கூட்டருகே காக்கை வந்தாலும் பருந்து வந்தாலும் உருவத்தைப் பாராமல் பாய்ந்து விரட்டும். வட நாட்டார் இதற்குக் கொத்வால் என்று போலீஸ் உத்தியோகமே கொடுத்திருக்கிறார்கள். மாங்குயிலும் புறாவும் கரிச்சான் குடியிருக்கும் மரத்திலேயே கூடு கட்டுவதுண்டு. சம்பளமில்லாத காவல் யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் இந்தக் காவல்காரர் பரம யோக்கியர் அல்லர். வல்லூற்றைப் போலக் குரல் கொடுத்து மைனாக்களைக் கலைத்துவிட்டு, அவை விட்டுப்போன இரையைக் கவர்ந்துகொள்வதும் உண்டு. வல்லூற்றின் குரலுக்கு மைனா அஞ்சும் என்பதை அறிந்து செய்கிறதோ, பலன் கண்டு பழகியதோ, அதை நாம் தீர்ப்பதற்கில்லை.

அயலினத்தின் குரலைப் பொருளறிந்து கேட்பது பறவைக்கு மட்டும் உரியதன்று. தென்னிந்தியக் காடுகளில் நம் நாட்டுக் குரங்குகள் லங்கூர், கடமான் ஆகியவற்றின் அபாயக் குரலைக் கேட்டதுமே ஓட்டம் பிடிப்பதை உமா ராமகிருஷ்ணனும் ரிச்சர்ட் காஸும் 2000-இல் விவரித்தார்கள்.

இதெல்லாம் பிறவிக் குணந்தானே என்று நேயர்கள் கேட்கலாம். ஆஸ்திரேலியாவில் கான்பெரா நகரத்து அறிஞர்கள் இக்கேள்வியைச் சோதித்தார்கள். அங்கே ஒரு சிறு நீலக் குருவி, நாய்சி மைனர் என்னும் தேனுண்ணும் பறவையின் எச்சரிக்கைக் குரலைக் கேட்டால் புதருக்குள் ஓடி ஒளிகிறது. அப்பறவை வாழாத இடத்தில், சில நூறு மீட்டர் தள்ளியே வசிக்கும் அதே இனக் குருவியோ, அக்குரலைக் கேட்டு அசையவேயில்லை. இது 2012-இல் வெளியான ஆராய்ச்சி. 2015-இல் இன்னொன்று: அக்குருவிகள் முன்பின் கேட்டிராத ஓர் ஒலியை எழுப்பி, உடனே பருந்துப் பொம்மையைப் பறக்கவிட்டார்கள். சில நாட்களுக்குள், பொம்மை வராமல் ஒலி மட்டும் எழும்பினாலும் குருவிகள் பறந்தோடின. ஆகவே இந்த வித்தை அண்டைவீட்டாரிடம் கற்பது. அண்டைவீட்டார் இல்லையேல் பாடமும் இல்லை.

இதை எண்ணிக்கொண்டே திண்டிவனத்தில் இறங்கினோம். திந்திரிவனம், அதாவது புளியங்காடு என்பதே இவ்வூர்ப் பெயரின் பொருள் என்பார்கள். சென்னை நெடுஞ்சாலையை நான்கு வழிச் சாலையாக்கியபோது ஓரத்துப் புளியமரங்கள் எத்தனையோ வீழ்ந்தன. சாலை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. பஸ்ஸில் விரைந்து போகும் சுகத்தை நாமும் அனுபவிக்கிறோம். கரிச்சானுக்கு உட்காரக் கம்பி கிடைத்துவிட்டது. மாங்குயில் கம்பியில் கூடு கட்டுமா?

சித்திரை வைகாசியில் இப்பக்கம் வருகிறவர்கள் குழந்தைகளையும் அழைத்து வரட்டும். ஏதேனும் ஓர் ஏரிக்கரையில் கரிச்சான் கூடுள்ள மரத்தைக் கண்டால், கீழே நிற்காமல் சற்று எட்டவே நிற்கச் சொல்லுங்கள். காக்கை வந்ததும் கரிச்சான் கிளம்பும்; அப்போது கரிச்சானைப் பார்க்க வேண்டாம், அந்த மரத்திலுள்ள மற்றப் பறவைகளைப் பார்க்கட்டும்.