பதினாறரை மில்லிமீட்டர் பாதையில்

பழுதான ரயில் எஞ்சினைத் திருச்சி பொன்மலைக்குக் கொண்டுவருவது புதிய விஷயமல்ல. நாகப்பட்டினத்திலிருந்த ரயில்வே பணிமனை 1928-ல் இங்கே இடம் மாறியதிலிருந்து நடப்பதுதான். நீலகிரி மலை ரயிலின் நீராவி எஞ்சின்கள் இன்றைக்கும் பெரிய பழுதென்றால் இங்கேதான் வருகின்றன. ஆனால் எஞ்சினைப் பழைய துண்டில் சுற்றி, ஷூ டப்பாவுக்குள் வைத்து, துணிப்பையில் தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அவர்கள் பணிமனை கேட் பக்கம் போவதில்லை. சந்தைத் திடலைத் தாண்டி ஒரு சந்துக்குள் திரும்புகிறார்கள். அங்கே ஓர் ஓட்டு வீட்டுத் திண்ணையில், குழல்விளக்குக்குக் கீழே, ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பெயர் போட வேண்டாமென்று கேட்டுக்கொண்டதால் இங்கே அவர் ‘பெரியவர்’.

என்னை அங்கே அழைத்துப்போன நண்பர் சென்னையில் மென்பொருள் வேலை பார்ப்பவர். பழைய மாடல் எஞ்சின்களைச் சேகரிப்பவர். அன்று அவர் பையில் இருந்தது ஒரு ஹார்ன்பி டப்ளோ. அவருடைய தாத்தா லண்டனில் படிக்கப் போன இடத்தில் வாங்கிவந்தது. நீல நிறம், காற்றைக் கிழிப்பதற்கென்று வளைத்த முகப்பு: ‘சர் நைஜல் கிரெஸ்லி’. இதே ஏ4 வகையைச் சேர்ந்த ‘மல்லார்ட்’ 1938 ஜூலை 3 அன்று மணிக்கு 126 மைல் வேகம் தொட்டது. அதுவரை எந்த நீராவி எஞ்சினும் போகாத வேகம். ‘மெக்கானோ’ விளையாட்டுச் சாமானைக் கண்டுபிடித்த ஃபிராங்க் ஹார்ன்பி தொடங்கிய லிவர்பூல் நிறுவனம், அதே ஆண்டில்தான் ‘சர் நைஜல் கிரெஸ்லி’யின் குட்டி வடிவத்தைக் கடைக்கு அனுப்பியது. ஃபிராங்க் ஹார்ன்பி அதைப் பார்க்கவில்லை, 1936-லேயே இறந்துவிட்டார்.

76-ல் ஒரு பங்கு உருவம். தண்டவாளத்தின் இடைவெளி பதினாறரை மில்லிமீட்டர். நடுவில் மூன்றாவதாக ஒரு தண்டவாளம். அதிலிருந்து மின்சாரம் எடுக்க எஞ்சினின் அடியில் ஒரு தகடு. 12 வோல்ட் டி.சி. நண்பர் வீட்டில் அது உறுமுகிறது, நகர மாட்டேன் என்கிறது.

பெரியவர் எஞ்சினைக் கையில் வாங்கினார். ஓட்டிப் பார்க்கவில்லை. சக்கரத்தைப் பெருவிரலால் மெல்ல அசைத்துவிட்டுக் கேட்டார்:

“மோட்டாரைக் கழட்டுனீங்களா தம்பி?”

“இல்லைங்கய்யா. எனக்குக் கழட்டத் தெரியாது.”

“தெரியாததே நல்லது. தெரிஞ்சவங்க கழட்டிக் கொண்டாந்ததுதான் எனக்குப் பெரிய வேலை.”

காரணம் காந்தம். அந்தக் கால மோட்டார்களில் இருப்பது அலுமினியமும் நிக்கலும் கோபால்ட்டும் கலந்த அல்னிகோ காந்தம். மோட்டாரின் இரும்புக்கு நடுவே இருக்கும்வரை அதன் பலம் நிற்கும். வெளியே எடுத்து மேசையில் வைத்தால், வைத்த இடத்திலேயே பலம் இறங்கத் தொடங்கிவிடும். பலம் குறைந்த மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கும், சூடாகும், ஆனால் வண்டியை இழுக்காது. அதனால் பெரியவர் காந்தத்தைக் கழற்றுவதில்லை, நகர்த்துகிறார். ஒரு கனமான இரும்புத் துண்டை மோட்டாரோடு ஒட்டவைத்து, காந்தத்தை அப்படியே அதன்மேல் வழுக்கிப் போகவிடுகிறார். ஒரு நொடிகூட அது இரும்பை விட்டுப் பிரிவதில்லை. வேலை முடிந்ததும் அதே வழியில் திரும்ப வழுக்கி உள்ளே வருகிறது.

இப்போது சின்ன நியோடிமியம் காந்தங்கள் சல்லிசாகக் கிடைக்கின்றன. பழைய காந்தத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அதை வைத்தால் எஞ்சின் பாய்ந்து ஓடும். சேகரிப்பாளருக்கு அது ஆகாது. அசல் பாகம் போனால் மதிப்பும் போய்விடும். “ஓட்டறதுக்குன்னா அதை வைக்கிறேன், வெச்சுக்கிறதுக்குன்னா இதையே பாக்கறேன்” என்கிறார் பெரியவர்.

கம்யூடேட்டரின் மூன்று செப்புத் துண்டுகளுக்கு நடுவே கரி அடைத்திருந்தது. அதை ஊசியால் எடுக்கவில்லை, செம்பில் கீறல் விழுந்துவிடுமாம். மூங்கில் குச்சியைச் சீவி, ஸ்பிரிட்டில் தொட்டு எடுத்தார். தேய்ந்து உளுந்தில் பாதியாகிவிட்ட கார்பனுக்குப் பதிலாக, பெரிய மோட்டாரின் கார்பனை அரத்தில் ராவிப் புதிதாகப் பொருத்தினார். காயில் எரிந்திருந்தால்? அதற்கு உள்ளேயிருந்து ஆள் வர வேண்டும். அவருடைய மனைவி கல்யாணத்துக்கு முன் ஃபேன் காயில் கட்டும் கடையில் வேலை பார்த்தவர். முடியைவிட மெல்லிய எனாமல் கம்பியைச் சுற்றுச் சுற்றாக எண்ணிக் கட்டுவது அவர் பொறுப்பு. “இவரு கை இதுக்கு ஆகாது, இரும்படிச்ச கை” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

எல்லா எஞ்சினும் பிழைத்துவிடுவதில்லை. தகர டப்பா ஒன்றைத் திறந்து, யாரோ கொடுத்துவிட்டுப் போன, இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வார்ப்பு ஒன்றைக் காட்டினார். பார்வைக்கு முழுசாக இருந்தது. மேலெங்கும் மெல்லிய வெடிப்புக் கோடுகள். விரலால் அழுத்தியதும் ஓரம் சாம்பல் நிறத் துகளாக உதிர்ந்தது. துத்தநாகக் கலவையை உருக்கி ஊற்றும்போது ஈயம் கொஞ்சம் சேர்ந்துவிட்டால் போதும். பத்திருபது வருஷம் கழித்து உலோகம் உள்ளிருந்தே வீங்கி வெடிக்கும். வைத்தியம் கிடையாது.

அடுத்து அவர் எடுத்த கருவியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. உள்ளங்கை அளவில் ஒரு பித்தளைக் கட்டை. அதன் நடுவில் அச்சைக் கிடத்த ஆங்கில வி வடிவப் பள்ளம். இந்தப் பக்கம் நிமிர்ந்து ஓர் ஊசி, அந்தப் பக்கம் படுத்த நிலையில் ஓர் ஊசி. சைக்கிள் ஸ்போக்கை அறுத்துத் தீட்டிச் செய்த ஊசிகள்.

நீராவி எஞ்சினின் இடது சக்கரத்துக் கிராங்கும் வலது சக்கரத்துக் கிராங்கும் ஒரே நிலையில் நிற்கக் கூடாது. தொண்ணூறு டிகிரி விலகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பிஸ்டன்களும் ஒரே நேரத்தில் கடைக்கோடியில் போய் நின்றுவிட, நூறு டன் வண்டி நின்ற இடத்தை விட்டு நகராது. விலகியிருந்தால் ஒன்று கோடியில் மாட்டியிருக்கும்போது மற்றொன்று நடுவில் நின்று தள்ளும். மாடலில் நீராவி கிடையாது, தள்ளுவது மோட்டார். ஆனாலும் மூன்று அச்சுகளையும் இணைக்கும் ராடு ஒன்று இருக்கிறது. மூன்றில் ஒரு சக்கரம் இரண்டு டிகிரி பிசகினாலும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை எஞ்சின் நொண்டும். அச்சைப் பள்ளத்தில் கிடத்தி, ஒரு கிராங்கை நின்ற ஊசியிலும் மற்றதைப் படுத்த ஊசியிலும் சாய்த்து, சின்ன வைஸில் அமுக்கினால் தொண்ணூறு டிகிரி தானாக அமைகிறது. நண்பரின் எஞ்சினில் நடு அச்சு லேசாகத் திரும்பியிருந்தது. எப்போதோ பரணிலிருந்து விழுந்திருக்கும் என்றார் பெரியவர்.

இந்தத் தொண்ணூறு டிகிரியை அவர் மாடலில் படிக்கவில்லை. அப்பாவும் பொன்மலைப் பணிமனைத் தொழிலாளி. 1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தத்தில் வேலை போய், 1977-ல் ஆட்சி மாறிய பிறகு திரும்ப எடுக்கப்பட்டவர். நடுவில் மூன்று வருஷம் வீட்டில் சைக்கிள் ரிப்பேர்தான் சோறு போட்டது. பையன் ஸ்போக் வளைக்கக் கற்றது அங்கே. பிறகு அவரும் அப்ரண்டிஸாகப் பணிமனைக்குள் போய், மீட்டர்கேஜ் எஞ்சின்களின் சக்கரப் பிரிவில் சேர்ந்தார். சங்கு ஊதினால் உள்ளே, சங்கு ஊதினால் வெளியே. 1992-ல் யூனிகேஜ் திட்டம் வந்தது. மீட்டர்கேஜ் பாதைகள் வருஷா வருஷம் அகலமாகின. கைக்குப் பழகிய எஞ்சின்கள் ஒவ்வொன்றாகக் காயலான் கணக்கில் போயின. 2011-ல் நீலகிரிக்காகப் புது நீராவி எஞ்சினை இதே பணிமனை கட்டியபோது அவர் இன்னும் சர்வீஸில் இருந்தார். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் உயர்கிறது.

மாடல் வந்து சேர்ந்தது தற்செயல். மாற்றலாகிப் போகும் அதிகாரிக்கு நினைவுப்பரிசாகப் பித்தளையில் ஓர் எஞ்சின் செய்யச் சொன்னார்கள். செய்ததைப் பார்த்த இன்னொரு அதிகாரி, தன் மகனின் ஓடாத ஜெர்மன் எஞ்சினைக் கொண்டுவந்து கொடுத்தார். அது ஓடியது. வாய்வழியாகச் செய்தி பரவி, இப்போது பெங்களூர், ஹைதராபாத்திலிருந்தெல்லாம் கூரியர் வருகிறது. டிஜிட்டல் கண்ட்ரோல் எஞ்சின்களையும் பார்க்கிறார். தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் ஓடும். எந்த எஞ்சின் நகர வேண்டும், எதில் விளக்கு எரிய வேண்டும் என்ற உத்தரவை எஞ்சினுக்குள் இருக்கும் சில்லு படித்து நிறைவேற்றும். அந்தச் சில்லுக்கு எண் எண்ணாக உத்தரவு ஏற்றும் வேலையை நண்பரும் அவரும் வெகுநேரம் செய்தார்கள். அதை எழுதினால் பக்கம்தான் நிறையும்.

இந்திய ரயிலை நேசிப்பவருக்கு இந்தப் பொழுதுபோக்கில் ஒரு கணக்கு இடிக்கிறது. உலகத்தில் அதிகம் புழங்கும் எச்.ஓ. அளவு 87-ல் ஒரு பங்கு. அதன் பதினாறரை மில்லிமீட்டர் பாதை 1,435 மில்லிமீட்டர் அகலமுள்ள ஐரோப்பிய, அமெரிக்கப் பாதைக்குப் பொருந்தும். நம் அகலப்பாதையோ 1,676 மில்லிமீட்டர். முறைப்படி பார்த்தால் பத்தொன்பதே கால் மில்லிமீட்டர் வர வேண்டும். அந்த அளவில் ரெடிமேட் தண்டவாளம் கிடைக்காததால், பெரும்பாலான இந்திய மாடல் எஞ்சின்கள் கால்களை ஒடுக்கிக்கொண்டு வெளிநாட்டுப் பாதையில் நிற்கின்றன. டபிள்யூ.டி.எம்.2 டீசல் செய்ய ஆசைப்படுபவர் அமெரிக்க எஞ்சின் ஒன்றின் அடிப்பாகத்தை வாங்கி, மேலே முப்பரிமாண அச்சில் எடுத்த கூட்டை மாட்டி, கையால் வண்ணம் பூசுகிறார். அசல் டபிள்யூ.டி.எம்.2-ம் அமெரிக்க ஆல்கோ கம்பெனியின் வடிவமைப்புதான் என்பதால் இதில் ஒரு நியாயமும் இருக்கிறது.

பெரியவர் இந்த வம்புக்கே போகவில்லை. அவர் தனக்காகச் செய்துகொண்டிருப்பது மீட்டர்கேஜ் ஒய்.பி. எஞ்சின். மீட்டர்கேஜை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் 12 மில்லிமீட்டர் பாதையில் ஏறக்குறைய உட்கார்ந்துவிடும். அசலின் ஓட்டுச் சக்கரம் 1,372 மில்லிமீட்டர், மாடலில் 15.8. ஆறு சக்கரங்களையும் லேத்தில் கடைந்து முடித்துவிட்டார். பாய்லருக்குப் பித்தளைக் குழாய் தயார். கேப் இன்னும் அட்டையில்தான் நிற்கிறது. ஊரார் எஞ்சின் வரிசையில் நிற்க, தன் எஞ்சினுக்கு நேரம் கிடைக்கவில்லை.

கூலி எவ்வளவு என்று கேட்டால், “பாத்துக் குடுங்க.” எனக்குக் கோபம் வந்த இடம் இது. பழைய ரயில்களை வாங்கி விற்கும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். வீட்டைக் காலி செய்யும் குடும்பத்திடம் ‘ஓடாத பொம்மை’ என்று அடிமாட்டு விலைக்கு வாங்குவார்கள். இவரிடம் கொடுத்து ஓடவைப்பார்கள். பிறகு ‘வின்டேஜ், ஓடும் நிலையில்’ என்று இணையத்தில் பல மடங்குக்கு விற்பார்கள். ஓடும் நிலைக்குக் கொண்டுவந்த கைக்கு ஒரு ஷிஃப்ட் ஓவர்டைம் அளவுகூடத் தேறுவதில்லை. சேகரிப்பாளர்களும் சளைத்தவர்கள் அல்ல. ஒரு லட்ச ரூபாய் எஞ்சினைப் பெருமையாகக் காட்டுபவர், பழுதுக்கு ஆயிரம் ரூபாய் கேட்டால் யோசிக்கிறார்.

அரசாங்கமும் தன் பங்குக்கு அழுத்துகிறது. பொம்மைகளின் அடிப்படை இறக்குமதி வரி 2020 பிப்ரவரியில் 20 சதவீதத்திலிருந்து 60-க்கு ஏறியது. 2023 பட்ஜெட்டில் 70 ஆனது. தரமற்ற பொம்மைகள் கொட்டப்படுவதைத் தடுக்கவும் உள்ளூர்த் தயாரிப்பாளர்களைக் காக்கவும் போட்ட வரி, அதில் தப்பில்லை. ஆனால் சுங்கத்துறை அட்டவணையில், அளவு குறைத்த மாடல்களும் குழந்தைப் பொம்மையும் 9503 என்ற ஒரே தலைப்பில்தான் வருகின்றன. பத்தாயிரம் ரூபாய் எஞ்சினுக்கு ஏழாயிரம் வரி, அதற்குமேல் ஜி.எஸ்.டி. இங்கே அநேகமாக யாரும் செய்யாத ஒரு பொருளின் மேல் வரி போட்டு எந்த உள்ளூர்த் தொழிலைக் காக்கிறார்கள்? புது எஞ்சின் வாங்க முடியாதவர்கள் பழையதைத் தேடுகிறார்கள். அதனால் பெரியவரின் திண்ணையில் டப்பாக்கள் கூடியிருக்கின்றன, வருமானம் கூடவில்லை.

பார்வையாளர்கள் இல்லாத துறையல்ல இது. ஹாம்பர்க்கில் 2001-ல் திறந்த மினியேச்சர் உலகத்துக்குக் கூட்டம் அலைமோதுகிறது. புனேயின் கோத்ருடில் ஜோஷி குடும்பத்தின் மினியேச்சர் ரயில் அருங்காட்சியகம் 1998 முதல் நடக்கிறது. பணிமனை இருக்கும் பொன்மலையில், பயிற்சி மாணவர்கள் வாரம் ஒருநாள் இந்தத் திண்ணையில் உட்கார்ந்தால் ரயில்வேக்கு ஒரு பைசா செலவில்லை. பெரியவர் கற்றுக்கொடுக்கத் தயாராக இருக்கிறார், கேட்டு வந்தவர்தான் யாருமில்லை.

வீட்டுப் பரணில் தாத்தா காலத்து ரயில் செட் கிடந்தால், அதைப் பேரீச்சம்பழத்துக்குப் போடும் முன் கொஞ்சம் நிதானியுங்கள். கையில் கிடைத்த அடாப்டரைச் செருகாதீர்கள். எண்ணெய் விடாதீர்கள், பழைய கிரீஸ் பிசினாக இறுகியிருக்கும். மோட்டாரைத் திறக்கவே திறக்காதீர்கள். பெயிண்ட் உதிர்ந்திருந்தாலும் புதிதாக அடிக்க வேண்டாம். முக்கியமாக, எஞ்சின் வந்த அட்டைப்பெட்டியை எறிந்துவிடாதீர்கள். சேகரிப்பாளர்கள் அந்தப் பெட்டிக்குத் தனி விலை கொடுக்கிறார்கள்.