இன்னிக்கு நம்ம பாடு இல்லை

தீபாவளிக்கு முந்தின வாரம் ஏதாவது ஒரு ஜவுளிக்கடை முதலாளியிடம், 'சாப்பிட்டீங்களா?' என்று கேட்டுப் பாருங்கள். 'எங்க சார், டீயிலேயே வண்டி ஓடுது' என்பார். கிறிஸ்துமஸ் நேரத்து பேக்கரிக்காரர், பொங்கல் நேரத்துப் பாத்திரக் கடைக்காரர், கல்யாண மாதத்து டெய்லர் எல்லோரிடமும் இதே பதில்தான். கொஞ்சம் பெருமையாகவே சொல்வார்கள். 'சீசன்ல தூங்கினவன் வருஷம் பூரா தூங்க வேண்டியதுதான்' என்பது நம்ம ஊர் வியாபாரத்தின் அரிச்சுவடி.

நீங்களும் சின்னதாகக் கடையோ பட்டறையோ வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் இந்த வாரம் உங்களோடுதான் பேச்சு.

1974-ல் அமெரிக்க மனநல நிபுணர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் ஒரு கட்டுரை எழுதினார். பகலெல்லாம் சொந்தத் தொழில், இரவில் ஏழைகளுக்கான இலவச மருத்துவமனையில் சேவை என்று மாடாக உழைத்தவர் அவர். தனக்கும் தன்னோடு உழைத்தவர்களுக்கும் நேர்ந்ததை 'பர்ன் அவுட்' என்றார். அடுப்பில் மறந்துபோன பால் சுண்டி, அடிப்பிடித்து, தீய்ந்துபோகிற மாதிரி மனுஷன் தீய்ந்துபோவது. 2019-ல் உலக சுகாதார நிறுவனம் இதற்கு மூன்று அடையாளங்களை வரையறுத்தது. இது நோய் அல்ல, வேலை சார்ந்த ஒரு நிலை என்றும் சொன்னது. அந்த மூன்றையும் கடை பாஷையில் சொல்கிறேன். உடம்பில் சத்து வற்றிப்போகும். வாடிக்கையாளர் படியேறினாலே எரிச்சல் வரும். கணக்கு தப்பும், கைவேலை சொதப்பும்.

இதில் இரண்டாவதுதான் ஆபத்து. யாரால் நமக்குச் சோறோ, அவரைப் பார்த்தே முகம் சுளிக்கிறோம் என்றால் அந்தத் தொழில் எத்தனை நாள் நிற்கும்?

இதற்கு வைத்தியம் தேடி அமெரிக்கா போக வேண்டாம். சென்னையிலிருந்து வடக்கே அறுபது கிலோமீட்டர் போனால் போதும். பழவேற்காடு.

ஏரி என்கிறோமே தவிர, அது கடலோடு வாய் திறந்து கிடக்கிற உப்பங்கழி. நம் நாட்டில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி இதுதான் பெரியது. 1613-ல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். ஐப்பசி மழை பெய்து ஏரி நிரம்பி, முகத்துவாரம் திறந்திருக்கும் மாதங்களில் இறால் கிடைக்கும். பூநாரைகள் வரும். பின்னாலேயே சென்னையிலிருந்து ஜனங்களும் வருவார்கள். காணும் பொங்கலன்று கடற்கரையில் கால் வைக்க இடம் இருக்காது.

முகத்துவாரத்தை ஒட்டிய சில இடங்கள்தான் இறாலுக்கு முதல் தரம். எல்லோருக்கும் அங்கேதான் வலை கட்ட ஆசை. எல்லோரும் இறங்கினால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் போன்ற ஊர்க்காரர்கள் தலைமுறைகளுக்கு முன்பே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். இன்றைக்கு இந்த ஊர், நாளைக்கு அடுத்த ஊர் என்று முறை. ஊருக்குள்ளேயும் எந்த இடம் யாருக்கு என்று சீட்டு எடுப்பது. இதற்குப் பெயர் 'பாடு'.

தமிழில் பாடு என்றால் நமக்குக் கஷ்டம்தான் ஞாபகம் வரும். 'அவன் பாடு திண்டாட்டம்' என்கிறோம். பழவேற்காட்டிலோ அது முறையின் பெயர். உங்கள் பாடு இல்லாத நாளில், கண் முன்னால் இறால் துள்ளினாலும் அந்த இடத்தில் வலை போடக்கூடாது. வேறு இடத்துக்குப் போகலாம், கிழிந்த வலையைத் தைக்கலாம், வீட்டில் இருக்கலாம்.

பாடு முறை ஒன்றும் பூலோக சொர்க்கம் இல்லை. சில சமூகத்து ஆண்களுக்கு மட்டுமே அதில் உரிமை. வெளியில் நிறுத்தப்பட்டவர்களோடு தகராறுகளும் நடந்திருக்கின்றன. அது ஓய்வுக்காக வந்ததும் அல்ல, பங்கு பிரிக்க வந்தது. ஆனாலும் அதற்குள் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 'இன்னிக்குப் போலாமா, வேண்டாமா?' என்று மீனவர் ஏரிக்கரையில் நின்று யோசிப்பதில்லை. முடிவு முன்கூட்டியே எடுத்தாகிவிட்டது.

நீங்களும் நானும் எப்போது யோசிக்கிறோம்? கடை நிறையக் கூட்டம் நிற்கும்போது! 'முடியும்போது ரெஸ்ட் எடுத்துக்கலாம்' என்கிறோம். அந்த நேரத்தில் ஆசை ஜெயிக்குமா, உடம்பு ஜெயிக்குமா?

பருத்தி நூல் வலை இருந்த காலத்தில் வலையே லீவு கேட்கும். அலசிக் காயப்போடாவிட்டால் இற்றுப்போகும். நைலான் வந்தது, அந்தக் கவலை போயிற்று. வலைக்கு ஓய்வு தேவையில்லை என்றானதும், இழுக்கிறவருக்கும் தேவையில்லை என்று ஆகிவிட்டது. உங்கள் கையிலிருக்கும் செல்போனும் அப்படி ஒரு நைலான் வலைதான். ஷட்டரை இறக்கினாலும் ஆர்டர் வந்துகொண்டே இருக்கிறது.

பழவேற்காட்டில் மீன் வறுவல் கடை போட்டிருக்கும் ஓர் அக்கா, காணும் பொங்கலன்று மூன்று மணிக்கெல்லாம் அடுப்பை அணைத்துவிட்டார். கூட்டம் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. "ஏங்க்கா?" என்றேன்.

"வாங்கினது அவ்ளோதான் சார். கூடை காலியானா கடை காலி. மொத வருஷம் ராத்திரி வரைக்கும் நின்னேன். அப்புறம் நாலு நாளு எழுந்திரிக்க முடியல. ஒரு நாள்ல வந்த காசு நாலு நாள்ல போயிடுச்சு. இப்ப காலைல நான், மதியத்துக்கு மேல நாத்தனார். எங்க வூட்டுக்காரரு பாட்டுக்குப் போறவரு. முறைன்னா என்னான்னு எங்களுக்குத் தெரியாதா?"

இந்த ஊருக்கு இன்னொரு ஞாபகமும் உண்டு. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் தினம். சுற்றிப் பார்க்க வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். அவர்களுக்கு உயிர்காப்புச் சட்டை இல்லை. அந்த விபத்தின் காரணங்களை நான் இங்கே அலசப்போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். கூட்டம் அலைமோதும் நாளில்தான் 'போதும், இதுக்கு மேல வேண்டாம்' என்று சொல்ல ஓர் ஆள் தேவைப்படுகிறார். பட்டாசுக் கடையோ, எண்ணெய் கொதிக்கிற பலகாரக் கடையோ, டிராவல்ஸ் வேனோ, எங்கேயும் இதே கதைதான். மூன்று நாள் தூங்காதவருக்கு அந்த வார்த்தை வாயில் வராது.

'நான் மூடினா கஸ்டமர் பக்கத்துக் கடைக்குப் போயிடுவானே சார்' என்கிறீர்கள். நியாயமான பயம். அதற்கும் பாட்டில் பதில் இருக்கிறது: சேர்ந்து முடிவு செய்வது. செவ்வாய்க்கிழமை சலூன் லீவு என்பது தமிழ்நாட்டில் எத்தனை காலத்துப் பழக்கம்! எல்லோரும் மூடியதால் யாருக்கும் நஷ்டமில்லை. நமக்கு முடி வளர்வதும் நிற்கவில்லை. நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. மீன் பெருகட்டும் என்று போட்டது. ஒரு படகு மட்டும் நின்றால் அதற்குத்தான் நஷ்டம். எல்லாப் படகும் நிற்பதால் கடல் மூச்சு வாங்குகிறது. உங்கள் தெருவில் பத்துக் கடை இருந்தால், 'பண்டிகைக்கு மறுநாள் யாரும் திறக்க வேண்டாம்' என்று ஒரு டீ குடித்தபடி பேசி முடிக்க முடியாதா?

கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு சட்டத்தைத் திருத்தியது. நல்ல காரியம். ஆனால் கல்லாவில் இருக்கிற உங்களை 'எழுந்து வீட்டுக்குப் போங்க' என்று சொல்ல எந்தச் சட்டமும் வராது. அதை நீங்களேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

எனவே அடுத்த சீசனுக்குச் சரக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் தினசரி காலண்டரை எடுங்கள். எத்தனை மணிக்கு ஷட்டர் இறங்கும், எந்த நாள் கல்லா உங்கள் வீட்டுக்காரம்மாவிடமோ தம்பியிடமோ இருக்கும், எவ்வளவு ஆர்டரோடு 'போதும்' என்று நிறுத்துவீர்கள் என்பதை எழுதுங்கள். எழுதியதை எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி மாட்டுங்கள். கூட்டம் வந்த பிறகு அதைத் திருத்தாதீர்கள்.

அந்த நாளில் யாராவது கதவைத் தட்டினால், கூச்சப்படாமல் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்: 'இன்னிக்கு நம்ம பாடு இல்லீங்க. நாளைக்கு வாங்க!'