தாதர் சந்தையும் தாலிபீட்டும்

மும்பையில் சாயங்கால மின்சார ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறிப் பார்த்திருக்கிறீர்களா? உட்கார இடம் கிடைத்த அதிர்ஷ்டசாலிகள் மடியில் பையை விரித்து, வெந்தயக் கீரை ஆய்வார்கள், பட்டாணி உரிப்பார்கள். ஒரு அம்மாள் கொத்தவரங்காயை நறுக்கவே நறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டாள். வீட்டுக்குள் நுழைந்ததும் தாளித்துக் கொட்ட வேண்டியதுதான்!

என் அண்ணி டோம்பிவ்லியில் இருந்து கோட்டைப் பகுதிக்குப் போய்வருகிறவள். பாங்கு உத்தியோகம். ஒரு வழிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல். மார்ச் மாதம் கணக்கு முடிக்கிற சமயம், வீடு திரும்ப ராத்திரி ஒன்பதரை. “அந்த நேரத்துக்கு உலை வைக்கத் தெம்பு ஏது, சொல்லு?” என்பாள். போன வருஷ மார்ச்சை வடாபாவும் டீயுமாகவே ஓட்டினாள். ஏப்ரலில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ரத்தம் எட்டு கிராம்தான் என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்ததோடு, “சாப்பாட்டோடு டீ குடிக்காதே, உடம்பில் இரும்புச் சத்து சேராது” என்றும் கண்டித்தார்.

இந்த மார்ச்சில் நான் போனபோது அண்ணி தாதரில் இறங்கி என்னைச் சந்தைக்கு அழைத்துப் போனாள். ஸ்டேஷனுக்கு மேற்கே, பூக்கடைகளைத் தாண்டினால், முளை கட்டிய பயறுகளைக் குவித்து விற்கிறார்கள். அதில் ‘மட்கி’ என்பது நம் நரிப்பயறு. கடுகு, கறிவேப்பிலை, வெங்காயம் தாளித்து, மசாலாவும் துளி வெல்லமும் போட்டு நன்றாக வேகவிட்டால் ‘உசள்’ தயார். இருபது நிமிஷம் ஆகாது. இறக்கி எலுமிச்சை பிழிந்தால் ருசியும் கூடும், பயற்றின் இரும்புச் சத்தும் நன்றாகச் சேரும்.

தொட்டுக்கொள்ள? அங்கேயே ‘போளி பாஜி கேந்திரா’ என்ற சின்னக் கடைகள். போளி என்றால் நம் பருப்புப் போளி இல்லை, சப்பாத்தி! பெரும்பாலும் பெண்களே இட்டு, சுட்டுத் தருகிறார்கள். வெட்கப்படாமல் வாங்குங்கள் என்பேன். அடுத்தவளுக்கும் பிழைப்பு. இந்த ஊரில் ஆலைத் தொழிலாளர்களுக்குச் சமைத்துப் போட்ட பெண்களை ஒன்று சேர்த்து, 1975-ல் பிரேமா புராவ் ‘அன்னபூர்ணா மகிளா மண்டல்’ ஆரம்பித்தார் என்பது பலருக்குத் தெரியாது.

எனக்கு ரொம்பப் பிடித்தது தாலிபீட். அரிசி, சோளம், கம்பு, கோதுமை, கடலைப்பருப்பு, உளுந்து, கொத்தமல்லி விதை எல்லாம் தனித்தனியாக வறுத்து அரைத்த மாவுக்கு ‘பாஜணி’ என்று பெயர். வீட்டுக்கு வீடு அளவு மாறும். நம் அடை மாதிரிதான், ஆனால் ஊறப்போடவும் வேண்டாம், ஆட்டவும் வேண்டாம். வெங்காயம், பச்சைமிளகாய், கொத்தமல்லித் தழை சேர்த்துப் பிசைந்து, தவாவில் தட்டி, நடுவே ஓட்டை போட்டு எண்ணெய் விட்டு மூடி வைக்கவேண்டும். தயிரோடு இரண்டு சாப்பிட்டால் வயிறு நிறையும். பக்கத்து வீட்டு மராட்டி மாமி கற்றுக்கொடுத்ததாம். பிப்ரவரியிலேயே அண்ணி இரண்டு கிலோ அரைத்து வைத்துவிட்டாள். இந்தத் தடவை ரத்தம் பதினொன்றரை.

நம் ஊரில் நரிப்பயறு கிடைக்காவிட்டால் பச்சைப்பயறு போதும். காலையில் ஊறப்போட்டு, ராத்திரி வடித்துத் துணியில் கட்டுங்கள், மறுநாள் சாயங்காலம் முளைத்திருக்கும். வெயில் காலத்தில் துணியை நடுவே ஒரு தரம் அலசிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் நாறிப்போகும்.