முகவரியின் இலக்கணம்

பெயர் மட்டும் உடையானை உலகம் அழைத்தல் கூடும்; தேடிச் சென்றடைதல் அரிது. சென்றடைதற்கு முகவரி வேண்டும். இவ்வுண்மையைத் தமிழாசிரியராகிய எமக்குத் தெளிவுறுத்தியது கணினிப் பாடநூல் என்று கூறின், இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவ நண்பர் சிலர் நகைத்தலும் கூடும். நகைத்தபின் மேலே படிக்க வேண்டுகின்றோம்.

பண்டாரவளையிலிருந்து கொஸ்லந்தைக்குச் செல்லும் மலைப்பாதையில் அமைந்தது பூனாகலை. தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த அப்பகுதிப் பாடசாலையொன்றில் யாம் தமிழ் கற்பித்து வருகின்றோம். கணினி ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்ற ஓராண்டில், உயர்தர வகுப்பு மாணவர் சிலர் பாடநூலுடன் எம்மை அணுகி, "தமிழ் விளங்குது சேர், விசயந்தான் விளங்கல்ல" என்றனர். அவர் காட்டிய பகுதி, வலையமைப்பை உபவலையமைப்புகளாகப் பிரித்தல் பற்றியது.

எமக்குக் கைகொடுத்தது நாம் யாவரும் கல்லூரியிற் கற்ற பத இலக்கணமே. 'வேங்கை' என்பது ஒரு பொதுமொழி. பகாது நிற்குமாயின் மரத்தையோ புலியையோ குறிக்கும். வேம், கை எனப் பிரிப்பின் வேகின்ற கை எனப் பொருள்படும். எழுத்துகள் மாறவில்லை, பிரிப்பே பொருளை வேறாக்கிற்று. கணினியின் ஐ.பி. முகவரியும் அத்தன்மையதே. அது 32 துவித இலக்கங்களால் ஆயது. வசதி கருதி 192.168.1.70 என்றாற்போல நான்கு எண்களாக எழுதுவர். முற்பகுதி வலையமைப்பையும் பிற்பகுதி அதனுள் அமைந்த ஒரு கணினியையும் குறிக்கும். எவ்விடத்திற் பிரிப்பது என்பது அம்முகவரியைப் பார்த்த அளவிற் புலனாகாது. அதனைக் காட்டுவதற்கென உடன் வழங்கும் எண்ணே 'சப்நெட் மாஸ்க்'.

இதனை மாணவர்தம் வாழ்விடத்தைக் கொண்டே விளக்கினோம். தோட்டம் ஒன்று, அதனுள் மேற்கணக்கு, கீழ்க்கணக்கு முதலிய பிரிவுகள், அவற்றுள் லயங்கள், லயத்துள் காம்பராக்கள். தோட்டம் வலையமைப்பு, கணக்கு உபவலையமைப்பு, காம்பரா கணினி. மாஸ்க் 255.255.255.0 ஆயின், இறுதி இடத்தில் 256 எண்கள் அமையும். முதலெண் வலையமைப்பையே குறிக்கும். இறுதியெண், பெரட்டுக்களத்தில் எல்லார்க்கும் கேட்கக் கூவும் குரல் போன்றது. எஞ்சிய 254 எண்களையே கணினிகளுக்கு வழங்கலாம். மாஸ்க்கை 255.255.255.192 என மாற்றின், வலையமைப்பு நான்கு கூறாகும். அவை 0, 64, 128, 192 என்பவற்றில் தொடங்கும். ஒவ்வொன்றிலும் 62 கணினிகளுக்கு இடமுண்டு. 70 என்னும் எண்ணுடைய கணினி 64இல் தொடங்கும் கூற்றைச் சேர்ந்தது. 130 அடுத்த கூற்றைச் சேர்ந்தது.

ஒரே கணக்கில் வாழ்வோர் நேரே சென்று பேசுவர். அடுத்த கணக்குக்குச் செல்ல வாயில் வேண்டும். கணினிக்கு அவ்வாயில் றவுட்டர். வாயிலின் முகவரி தன் கூற்றிலேயே இருத்தல் வேண்டும். 70க்கு வாயில் 65 எனக் கொடுத்தல் தகும். 129 எனக் கொடுப்பின், தன் வீட்டுக் கதவை அடுத்த லயத்தில் வைத்தவன் நிலையே ஆகும். இரு கணினிகளுக்கு ஓரெண்ணை வழங்கினாலோ, யார்க்கு வந்த செய்தி யாரிடம் சேருமென்று துணிதல் இயலாது.

இவ்வாறு விளக்கிவருங்கால் மாணவி ஒருத்தி எழுந்து, "அப்ப சேர், எங்களுக்கு வாற கடிதத்தில தோட்டத்துப் பேர் மட்டுந்தானே இருக்கு, காம்பரா நம்பர் இல்லையே?" என்றாள். பாடம் அவ்விடத்தே முற்றுப்பெற்றது என்க. வலையமைப்பு உண்டு, கணினிக்கு எண் இல்லை. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசில் வந்து குவியும்; அங்கிருந்து கைமாறிக் கைமாறி வீடு சேரும், அல்லது சேராதொழியும். நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதம், குறித்த நாள் கழிந்த பின்னரே கையிற் கிடைக்கப்பெற்ற மாணவன் ஒருவனை யாம் அறிவோம். அவன் தகுதியிற் குறைவில்லை, குறைந்தது ஓரெண்.

இன்னார் இவ்வறையில் உள்ளார் என்னும் பதிவு கடிதத்துக்கு மட்டும் வேண்டுவதன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள், கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, காணாமற்போனோர் எத்தனை பேர் என்பதே பல நாள் வேறுவேறாகச் சொல்லப்பட்டது. உயிரோடு இருந்த காலத்துச் செவ்வையாக எண்ணப்படாதார், மண்ணுள் மறைந்த பின் எண்ணப்படுதல் எங்ஙனம்?

உபவலையமைப்பு முறையை ஜெஃப்ரி மோகல், ஜோன் பொஸ்டல் என்னும் இருவர் 1985 ஓகஸ்ட் மாதத்தில் வரையறுத்து வெளியிட்டனர். அம்முறையில், ஒரு வலையமைப்பின் உட்பிரிவுகளை வெளியுலகம் அறிய வேண்டியதில்லை. வந்த செய்தியை உரிய கணினியிற் சேர்ப்பது உள்ளிருப்போர் கடமை. தோட்டத்துக்கும் இதுவே நெறியாதல் வேண்டும்.

எம் பழைய மாணவருட் பலர் இன்று அலுவலகங்களிலும் வங்கிகளிலும் கல்வித்துறையிலும் உயர்நிலையில் உள்ளனர். அவர்பால் யாம் வேண்டுவது பெரிதன்று. தோட்டத்துப் பிள்ளைக்குக் கடிதம் விடுக்குங்கால், கணக்கும் லயமும் காம்பராவும் கேட்டறிந்து எழுதுக. எழுத எழுத அவ்வெண் வழக்காகும். வழக்கானது பின்னர்ப் பதிவிலும் ஏறும். பிரித்தறிதலைக் கற்பித்த கல்லூரி அன்னைக்கு இவ்விழா நாளில் நாம் செலுத்தும் கைம்மாறு இதுவுமாகுக.