இந்த வருடம் நான் ஆடிய ஆட்டங்கள்!

(மூன்றாமாண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை)



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, "எதைப் பத்திண்ணே?" என்றேன். "நேரம் தவறாமை, இளைஞர் கடமை, தாய்மொழிப் பற்று... இதெல்லாம் ஏற்கெனவே வந்து குவிஞ்சி கிடக்கு. உனக்குப் பிடிச்சதை எழுது" என்றார். எனக்குப் பிடித்தது வீடியோ கேம். "இந்த வருஷம் இதுவரைக்கும் ஆடினதுல எது பிடிச்சதோ அதை எழுதுறேன்" என்றதும் ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆகவே தைரியமாக எழுதுகிறேன். பேராசிரியர்கள் இந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டு அடுத்த பக்கம் போய்விட வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன்!

முதலில் ஒரு சங்கதி. திண்டிவனம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் 'கேம்' என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். கடன். எங்கள் தெருவில் ஒருவர் செல்போனில் ரம்மி ஆடி, முதலில் வண்டியை விற்றார், பிறகு மனைவியின் தோட்டை அடகு வைத்தார். இப்படிப் பல ஊர்களில் குடும்பங்கள் நொந்த பிறகுதான் தமிழ்நாட்டில் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் வந்தது. 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. அதிலும் வழக்கு, வாதம் என்று இழுத்தது. பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை எல்லாம் தடை செய்து சட்டம் போட்டது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டு என்று ஏற்றுக்கொள்கிறது என்பதை நம் பெற்றோர் யாரும் கவனிக்கவில்லை. எங்கப்பாவும்தான்!

அப்பா திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டை தூக்குகிறார். மல்லாட்டை சீசனில் இரவு பத்து மணிக்குத்தான் வீடு திரும்புவார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். ஆகவே என் கையில் போனைப் பார்த்தாலே அவருக்கு அந்தத் தோடு ஞாபகம் வந்துவிடும். "படிக்க அனுப்புனா கேம் ஆடுறியா?" என்பார். அவருக்கு வேறு என்ன தோன்றும்? ஆட்டத்தில் பணம் கட்டுவதும் உண்டு, கட்டாததும் உண்டு என்று பிரித்துச் சொல்ல நான் பலமுறை முயன்றேன். "ரெண்டும் அதே போன்லதானடா ஆடுறீங்க" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம்.

நம் கல்லூரியில் பாதிப் பேருக்குப் பிடித்தது பி.ஜி.எம்.ஐ., மீதிப் பேருக்கு ஃப்ரீ ஃபயர் மேக்ஸ். இவற்றின் சரித்திரமே ஒரு செமஸ்டருக்குப் பாடமாக வைக்கலாம். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் உட்பட 118 செயலிகளுக்குத் தடை. 2021 ஜூலையில் அதுவே பெயர் மாற்றிக்கொண்டு பி.ஜி.எம்.ஐ. ஆக வந்தது. 2022 ஜூலையில் அதுவும் போனது. 2023 மே மாதம் திரும்பி வந்தது. இதற்கு நடுவே 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடைபட்டது, மேக்ஸ் மட்டும் தப்பித்தது. நம்ம ஆட்கள் அரியர் எழுதுவதுபோல இந்த ஆட்டங்களும் விடாமல் திரும்பத் திரும்ப எழுதித்தான் பாஸ் ஆகியிருக்கின்றன!

காலை பாசஞ்சரில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து பி.ஜி.எம்.ஐ. ஆடுவோம். திண்டிவனத்தில் ஏறினால் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம், பிறகு விழுப்புரம் ஜங்ஷன். ஓர் ஆட்டத்துக்குச் சரியான தூரம். ஆனால் மயிலம் தாண்டியதும் பிங் ஏறிவிடும். நம் போனிலிருந்து புறப்பட்ட செய்தி சர்வருக்குப் போய்த் திரும்பி வர எத்தனை மில்லி செகண்ட் ஆகிறது என்பதுதான் பிங். அது நாற்பதில் இருக்கும்வரை நாம் வீரர்கள். நானூறைத் தொட்டால், நாம் சுட்ட குண்டு போய்ச் சேர்வதற்குள் எதிரி நம்மைச் சுட்டு, பெட்டியைத் திறந்து, சாமானை எடுத்துக்கொண்டு போயிருப்பான். தொடர்பியல் பாடத்தில் 'தாமதம்' என்று ஒரு வரியில் வருவது எனக்குப் புரிந்த இடம் பேரணி ஸ்டேஷன். இந்த ஆட்டத்தில் எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று. சொக்காய்க்குக் காசு கேட்பது. கம்ப்யூட்டர் வரைந்த சொக்காய்க்கு நிஜக் காசு! அப்பா பயப்படுவதில் பாதி நியாயம் இங்கே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது 'வெண்பா'. இதைப் பற்றித்தான் கொஞ்சம் அதிகமாகச் சொல்லப் போகிறேன்.

தலைப்பைப் பார்த்துத் தமிழ்ப் பாடம் என்று ஓடிவிடாதீர்கள்! வெண்பா என்பது இதில் ஒரு பெண்ணின் பெயர். கனடாவில் டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சிறிய நிறுவனம் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட ஆட்டம். 2024-ல் இங்கிலாந்தின் பாஃப்டா விருது, முதல் படைப்புக்கான பிரிவில், இதற்குக் கிடைத்தது. '2023-ல் வந்ததை இந்த வருடக் கணக்கில் எப்படிச் சேர்ப்பாய்?' என்று கேட்பீர்கள். சினிமா ரிலீசான அன்றே நம் ஊருக்கு வந்துவிடுகிறது. கேம் அப்படியா வருகிறது? என் நண்பன் ரிச்சி தெருவில் பழைய மடிக்கணினி ஒன்று வாங்கி வந்த பிறகுதான் எனக்கு வந்தது. அந்த மடிக்கணினியின் விசிறி போடும் சத்தத்துக்கு ரைஸ் மில் தேவலை.

கதை இதுதான். 1988-ல் வெண்பாவும் அவள் கணவன் பாவலனும் பிழைப்பு தேடிக் கனடாவில் குடியேறி இருக்கிறார்கள். ஒரு மகன் பிறக்கிறான், பெயர் கவின். வெண்பாவின் அம்மா எழுதிக் கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் ஒன்று அவளிடம் இருக்கிறது. ஆனால் பக்கம் கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. விட்டுப்போன இடத்தை நாம்தான் யோசித்து நிரப்பி இட்லி, புட்டு, பிரியாணி எல்லாம் செய்ய வேண்டும். துப்பாக்கி கிடையாது. உயிர் போகாது. தப்பாகச் செய்தால் திரும்பச் செய்ய வேண்டியதுதான். ரேடியோவில் பாட்டு வேறு ஓடும், பழைய சினிமாப் பாட்டுச் சாயலில், ஆனால் இந்த ஆட்டத்துக்கென்றே போட்டவை.

மடிக்கணினியை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தேன். இட்லித் தட்டை அடுக்கும் இடத்தில் மாட்டிக்கொண்டேன். எப்படி அடுக்கினாலும் இட்லி சரியாக வேகவில்லை. அம்மா பின்னால் நின்று முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாங்க.

"என்னாடா அது, இட்லிப் பானையா?"

"ஆமாம்மா. கேம்."

"கேமா? குழிக்கு மேல குழியா வச்சா ஆவி எப்படிடா மேல போவும்? தட்டைக் கொஞ்சம் திருப்பி வை. கீழ் தட்டு இட்லிக்கு மேல, மேல் தட்டுல ஓட்டை வரணும்."

திருப்பி வைத்தேன். வெந்துவிட்டது!

மூன்று வருடம் இன்ஜினியரிங் படிக்கும் எனக்கு நீராவி போகும் வழி தெரியவில்லை. கையெழுத்து போட மட்டும் தெரிந்த அம்மாவுக்கு, அழிந்துபோன பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்று தெரிந்தது. கீரையை அப்படியே வைத்துவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாங்க. அதற்குப் பிறகு திரையில் வருவதை நான் தமிழில் சொல்லச் சொல்ல, அம்மா சமைத்தாங்க. புட்டுக்கு மாவு பிசிறுவதைப் பார்த்து, "தண்ணியத் தெளிக்கணும், ஊத்தக் கூடாது" என்று கம்ப்யூட்டருக்கே அறிவுரை!

"அந்தப் பொண்ணுக்கு அவங்கம்மா எழுதிக் குடுத்திருக்காங்க. எனக்கு எங்க எழுதிக் குடுத்துச்சி எங்கம்மா? பக்கத்துல நின்னு பாத்ததுதான்" என்றாங்க.

பிற்பாதியில் கவின் வளர்ந்துவிடுகிறான். அவனுக்குத் தமிழ் தடுமாறுகிறது. வீட்டைவிட்டுத் தள்ளிப் போய்விடுகிறான். பாவலன் இறந்துபோகிறான். வெண்பா தனியாகிறாள். இந்த இடத்தில் அம்மா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நீ படிச்சி முடிச்சா எங்கடா வேல குடுப்பாங்க?" என்று கேட்டாங்க. "ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம்மா. ஹாஸ்டல் அங்கேயே குடுக்குறாங்களாம்" என்றேன். "எம்மாம் தூரம்?" "பஸ்சுல மூணு மணி நேரம் இருக்கும்மா." "கனடாவை விடக் கிட்டதான்" என்று சொல்லிவிட்டுக் கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு போயிட்டாங்க. சிரித்தாங்களா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆட்டம் மொத்தமே இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 'இதுக்குப் போயா விருது?' என்று என் வகுப்பு நண்பன் கேட்டான். அவன் வீட்டில் அவன் அம்மாவை உட்கார வைத்து ஆடிப் பார்க்கட்டும் என்று மட்டும் சொன்னேன்.

மூன்றாவது ஆட்டம் கடைகளில் கிடைக்காது. நாங்களே செய்தது!

அப்பாவிடம் ஒரு பழைய நோக்கியா பட்டன் போன் இருக்கிறது. கேம் என்றாலே சீறுகிற மனிதர், லாரி வரும்வரை மூட்டைமேல் உட்கார்ந்து அதில் பாம்பு ஆட்டம் ஆடுவார். கேட்டால், "இது கேம் இல்லடா, சும்மா" என்பார். அந்தப் பாம்பு சாதாரணப் பாம்பு அல்ல. 1976-ல் வந்த 'பிளாக்கேட்' என்ற ஆட்டம்தான் அதற்கு மூதாதை. 1997-ல் தனேலி அர்மாண்டோ என்ற பொறியாளர் நோக்கியா 6110 போனுக்காக அதைச் செய்தார். பிறகு நோக்கியா ஸ்ரீபெரும்புதூருக்கே தொழிற்சாலையுடன் வந்தது. நம் மாவட்டத்து டிப்ளமோ அண்ணன்கள், அக்காக்கள் எத்தனையோ பேர் அங்கே வேலை பார்த்தார்கள். 2014 நவம்பரில் அது மூடப்பட்டது. அப்பாவின் பாம்பு மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதைப் பார்த்துத்தான் எனக்கும் என் நண்பனுக்கும் ஆசை வந்தது. எட்டுக்கு எட்டு எல்.இ.டி. மேட்ரிக்ஸ் ஒன்று, 89எஸ்52 மைக்ரோகன்ட்ரோலர் ஒன்று, நாலு பட்டன். அவ்வளவுதான் சாமான். மொத்தம் 64 புள்ளிகள். அதற்குள் பாம்பு ஓட வேண்டும். உண்மையில் பாம்பு நகர்வதே இல்லை, தெரியுமா? தலைப்பக்கம் ஒரு புள்ளியை ஏற்றி, வால்பக்கம் ஒரு புள்ளியை அணைக்கிறோம். நம் கண் அதை ஓட்டம் என்று நம்புகிறது. இரை தின்றால் வாலை அணைக்காமல் விட்டுவிட வேண்டும். பாம்பு வளர்ந்துவிடும்! ஒரு புள்ளியின் இடத்தைக் குறிக்க ஒரு பைட் போதும். பாம்பு திரை முழுக்க நிறைந்தாலும் 64 பைட். சிப்பில் இருப்பது 256 பைட். நம் போனில் ஒரு போட்டோவுக்கு ஆகும் இடத்தில் இப்படி ஆயிரக்கணக்கான பாம்புகளை விடலாம்.

எட்டு வரிசையும் ஒரே நேரத்தில் எரிவதில்லை. ஒவ்வொன்றாக, வரிசைக்கு இரண்டு மில்லி செகண்ட். ஒரு சுற்றுக்கு 16. விநாடிக்கு அறுபது சுற்றுக்கு மேல் வருவதால் கண்ணுக்குச் சிமிட்டல் தெரியாது. பட்டன்தான் படாத பாடு படுத்தியது. ஒருமுறை அழுத்தினால் உள்ளே இருக்கும் தகடு துள்ளித் துள்ளி மூன்று, நான்கு முறை தொடுகிறது. பாம்பு திரும்பி, மறுபடி திரும்பி, தன் மேலேயே மோதிச் செத்தது. அழுத்திய பிறகு 20 மில்லி செகண்ட் பொறுத்து இன்னொரு முறை பார்க்கச் சொல்லி எழுதியதும் அடங்கியது. இரை எங்கே வர வேண்டும் என்பதற்கு, பட்டனை அழுத்தும் அந்த நொடியில் டைமரில் ஓடும் எண்ணை எடுத்துக்கொண்டோம். அதை முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. எங்களாலேயே முடியாது!

போர்டை ஒரு டிபன் பாக்ஸில் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போனேன். அன்று அப்பா சீக்கிரம் வந்திருந்தார். கை கால் கழுவிவிட்டு வந்தவரிடம் ஒன்றும் சொல்லாமல் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். சால்டர் வைத்த பக்கத்தைத் தடவினார். மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்த விரலுக்கு அந்தப் பட்டன் ரொம்பச் சிறியது. ஆனாலும் ஒன்பது புள்ளி வரை வளர்த்துவிட்டார்.

"இது நீ செஞ்சதா?"

"நானும் என் ஃபிரெண்டும்பா."

"இதுக்குக் காசு கட்டணுமா?"

"ஒரு பைசா வேணாம்பா."

இன்னொரு ஆட்டம் ஆடினார். அது ஏழிலேயே முடிந்துவிட்டது. "பாம்பு ரொம்ப வேகமா ஓடுது. கொஞ்சம் கொறைச்சி வை" என்று சொல்லிப் போர்டை என் கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

மறுநாள் லேபில் தாமதத்தை 300 மில்லி செகண்டிலிருந்து 450 ஆக மாற்றினோம். ஏழாவது வரிசையில் ஒரு எல்.இ.டி. எரியவில்லை. அதையும் மாற்றிவிட்டு, வரும் சனிக்கிழமை பாசஞ்சரில் மறுபடி எடுத்துப் போகிறேன். பெரிய பட்டன் நாலு வாங்க வேண்டும். யாராவது சென்னை போனால் சொல்லுங்கள், காசு கொடுத்துவிடுகிறேன்.