பார்த்ததற்குக் கூலி

மன்னாரில் படிப்பிக்கும் நண்பர் ஒருவர் தொலைபேசியில் சொன்ன கதைதான் என்னை அங்கே கொண்டுபோனது. அவருடைய பாடசாலையில் ஒரு ரீச்சரின் லப்டொப் வீட்டில் நாள் முழுக்க ஒழுங்காக ஓடுகிறது. பாடசாலைக்குக் கொண்டுவந்து வைஃபையில் இணைத்தால் கொஞ்ச நேரத்தில் நீலத் திரை விழுந்து நின்றுவிடுகிறது. ரீச்சர் கடை கடையாக ஏறி இறங்கிவிட்டார். ஒரு கடையில் ரம் மாற்றினார்கள். இன்னொரு கடையில் ஹார்ட் டிஸ்க் மாற்றினார்கள். போன இடமெல்லாம் ‘ஃபோர்மட்’ அடித்தார்கள். பிள்ளைகளின் தவணைப் புள்ளிகளும் பல வருடமாகச் சேர்த்த வினாத்தாள்களும் அதோடு அழிந்துபோயின. பழுது மட்டும் அப்படியே இருந்தது.

“பேசாலைப் பக்கம் ஒரு அண்ணன் இருக்கிறார். இப்ப அவரிட்டத்தான் குடுத்திருக்கு. அவர் வேலை செய்யிறதை நீ ஒருக்கா வந்து பாக்கவேணும்” என்றார் நண்பர்.

2010 இல் திறந்த பாலத்தைத் தாண்டித் தீவுக்குள் நுழைந்தபோது சோளகக் காற்று கடுமையாக அடித்துக்கொண்டிருந்தது. தீவின் தென்கரையில் தம்பபவனி காற்றாலைகள் முப்பதும் நிரையாகச் சுழன்றன. 103.5 மெகாவாட் மின்சாரம் எடுக்கக்கூடிய காற்று அது. அதே காற்றுத்தான் கடலின் உப்பைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டு யன்னல் கம்பி, சைக்கிள் செயின், மின்விசிறி என்று கண்ட இரும்பையெல்லாம் தின்கிறது. கணினிக்குள்ளும் அந்த உப்புப் போகும் என்பதை நான் அதுவரை யோசித்ததில்லை.

அண்ணன் தன் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஊரில் எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். கடை என்பது வீட்டோடு ஒட்டிய ஒரு அறை. வாசலில் மீன்பிடிப் படகுகளின் ஜிபிஎஸ் கருவிகள் பிரித்தபடி கிடந்தன. உள்ளே ஒரு மேசை, அதன்மேல் வளைகிற கழுத்துள்ள விளக்கு, ஒரு பூதக்கண்ணாடி, பக்கத்தில் பழைய ஐஸ்கிறீம் பெட்டி ஒன்று. பெட்டியின் மூடியைத் திறந்து காட்டினார். செத்துப்போன லப்டொப்புகளிலிருந்து கழற்றிய வயர்லெஸ் கார்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனிக் கடதாசியில் சுற்றிக் கிடந்தன. ஒவ்வொரு கடதாசியிலும் பென்சிலால் குறிப்பு இருந்தது: எந்த மெஷினிலிருந்து வந்தது, எந்த வருடம், என்ன குணம். ஒன்றில் “நல்லது. மூடித் திறந்தால் மட்டும் விழும்” என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் “கறுப்பு வயர் பக்கம் பலவீனம்” என்றிருந்தது.

ரீச்சரின் லப்டொப்பைத் தொடுவதற்கு முன் அவர் ரீச்சரோடு நெடுநேரம் பேசியிருக்கிறார். எப்போது விழுகிறது, எந்த இடத்தில், அந்த நேரம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், வீட்டில் இணையம் எப்படி எடுக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். வீட்டில் வைஃபை இல்லை, கைத்தொலைபேசியை வயரால் செருகித்தான் இணையம் எடுக்கிறேன் என்றாராம் ரீச்சர். அண்ணனுக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது. மீதிப் பாதி ரீச்சர் எடுத்து வைத்திருந்த ஒரு படத்தில் இருந்தது. நீலத் திரையின் கடைசி வரியில், பழுதை உண்டாக்கிய கோப்பின் பெயர் போட்டிருந்தது. அது வயர்லெஸ் கார்டின் ட்ரைவர். முன்பு பார்த்த யாரும் அந்த வரியை வாசிக்கவில்லை.

“முதல் கேக்கவேணும் தம்பி. பிறகு வாசிக்கவேணும். கழட்டுறது கடைசி வேலை.”

ஒரு சின்னக் கார்ட் எப்படி முழுக் கணினியையும் விழுத்தும் என்று கேட்டேன். சாதாரணச் செயலி ஒன்று பிழை விட்டால் விண்டோஸ் அந்தச் செயலியை மட்டும் மூடிவிட்டு மற்ற வேலையைத் தொடரும். ட்ரைவர் அப்படியில்லை. அது இயங்குதளத்தின் கருவறைக்குள் இருந்து வேலை செய்கிறது. அங்கே இருந்துகொண்டு தனக்கு உரிமையில்லாத நினைவகப் பகுதியைத் தொட்டால் மற்றத் தரவுகளும் கெட்டுப்போகலாம். அந்தக் கேடு பரவாமல் இருக்க இயங்குதளம் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. நீலத் திரை என்பது அந்த நிறுத்தம்தான். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு பிழையான புதுப்பிப்பால் உலகம் முழுக்க ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் இப்படி விழுந்தன. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் தடுமாறின. அங்கேயும் கருவறைக்குள் ஓடிய மென்பொருள் தொடக்கூடாத நினைவகத்தை வாசிக்கப் போனதுதான் காரணம். உலகத்தை நிறுத்திய அதே வகைப் பழுது பேசாலைக்குப் பக்கத்தில் ஒரு மேசையில் கிடந்தது.

அடுத்தது பிரித்துப் பார்க்கிற வேலை. வயர்லெஸ் கார்டை மென்பொருளில் மட்டும் நிறுத்திவிட்டு லப்டொப்பை இரவு முழுக்க ஓடவிட்டார். விழவில்லை. யூஎஸ்பியில் செருகுகிற ஒரு வைஃபை டொங்கிளைப் போட்டுப் படம் ஓடவிட்டார். அப்போதும் விழவில்லை. ரம், ஹார்ட் டிஸ்க், மதர்போர்ட் எல்லாம் குற்றமற்றவை என்று அந்த இரண்டு சோதனையும் சொல்லிவிட்டன. ஏற்கனவே மாற்றிய ரம்முக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் ரீச்சர் கொடுத்த காசு வீண் என்பதும் அதே நேரம் தெளிவாயிற்று.

லப்டொப்பின் அடிமூடியை எனக்கு முன்னால்தான் திறந்தார். கார்ட் ஒரு தீப்பெட்டியை விடச் சின்னது. அதன் தலையில் கறுப்பும் வெள்ளையுமாய் இரண்டு மெல்லிய அன்ரெனா வயர்கள். அவற்றை நகத்தால் நெம்பி எடுப்பதற்கு முன் எந்த வயர் எந்தப் பொட்டில் என்று ஒரு கடதாசியில் கீறிக்கொண்டார். திருகாணியைக் கழற்றியதும் கார்ட் தானாகச் சரிந்து எழும்பியது. பூதக்கண்ணாடியை என் கையில் தந்தார். கார்டின் விளிம்பில் 52 தங்கக் கால்கள் இரு பக்கமுமாக இருக்கும். அதில் ஒரு மூலைக் கால்களின்மேல் சாம்பலும் பச்சையும் கலந்த பூப்புப் படிந்திருந்தது.

“பள்ளிக்கூடம் கடலுக்குக் கிட்ட. யன்னலோரம் மேசை. வேறென்ன வரும்?”

சுத்தமாக்குவதற்கு முன் பெட்டியிலிருந்து நல்ல கார்ட் ஒன்றை எடுத்துப் பொருத்திப் பார்த்தார். லப்டொப் தொடங்கவே மறுத்தது. இந்த வயர்லெஸ் கருவிக்கு அனுமதியில்லை, கழற்றிவிட்டுத் தொடங்கு என்று கறுப்புத் திரையில் ஒரு வரி வந்தது. இதைக் காட்டவே போட்டேன் என்றார். சில நிறுவனங்கள் தங்கள் பழைய லப்டொப்புகளின் பயோஸுக்குள் ஒரு பெயர்ப்பட்டியலை வைத்திருக்கின்றன. பட்டியலில் இல்லாத கார்டைப் போட்டால் கணினி எழும்பாது. வானலை வெளியீட்டுக்குக் கார்டையும் அன்ரெனாவையும் சேர்த்தே அனுமதி வாங்கியிருக்கிறோம் என்பது அவர்கள் சொல்லும் காரணம். அந்தக் காரணத்தில் உண்மை இருக்கலாம். ஆனால் அதே வேலையைச் செய்யும் நல்ல கார்ட் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், அவர்களுடைய இலக்கம் போட்ட கார்டைத்தான் தேடிப்பிடிக்க வேண்டும் என்பது வாங்கியவருடைய பொருளுக்கு விற்றவர் போட்ட பூட்டு. அதனால்தான் பழைய கார்டையே உயிர்ப்பிக்க வேண்டியிருந்தது.

வெள்ளை நிற மென்மையான அழிறப்பர் ஒன்றை எடுத்தார். ஒரே திசையில், அழுத்தாமல், உள்ளிருந்து விளிம்பை நோக்கி மெல்ல இழுத்தார். முன்னும் பின்னும் தேய்த்தால் தங்கப் பூச்சு உரிந்துவிடும், பிறகு அடுத்த சோளகத்தில் செம்பு நேராக உப்புக்கு இரையாகும் என்றார். துகள்களை மென்தூரிகையால் தட்டி, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒற்றி, காயவிட்டு, பொருத்தும் பள்ளத்தையும் அதேபோலத் துடைத்தார். லப்டொப் எழும்பியது, வைஃபை பிடித்தது. பின்னேரம் வரை விழவில்லை. நான் முடிந்துவிட்டது என்று எழும்பினேன். அவர் இருக்கச் சொல்லிவிட்டு லப்டொப்பை மூடினார். தேத்தண்ணி குடித்து முடித்ததும் திறந்தார். நீலத் திரை.

இந்த இடத்தில் நடந்ததுதான் அவருடைய தொழில். உப்பைக் கண்டுபிடித்ததோடு இன்னொருவர் நிறுத்தியிருப்பார். கணினி மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கார்டைத் தூங்கவைக்கிறது. தூக்கத்திலிருந்து எழும்பாத கார்டிடம் ட்ரைவர் ஏதாவது கேட்டால் பதிலாக எல்லா இடத்திலும் 1 என்ற இலக்கமே வரும். உப்பேறிய கால் தொடுகையை விட்டாலும் அதே வெறும் 1 தான் வரும். கவனமாக எழுதிய ட்ரைவர், ஆள் இல்லை என்று விளங்கிக்கொள்ளும். கவனமில்லாமல் எழுதியது அதை உண்மையான பதிலென்று நம்பி, அந்த இலக்கத்தை வைத்துக்கொண்டு நினைவகத்தில் போகக்கூடாத இடத்துக்குப் போகும். உப்பும் தூக்கமும் வேறு வேறு வாசல்கள், உள்ளே போனால் ஒரே பழுது.

விழுந்த நேரத்தின் பதிவுக் கோப்பை விண்டோஸ் தனியாக எழுதி வைக்கிறது. அதைத் திறந்து வரி வரியாக இறங்கினார். இலக்கங்கள் நிறைந்த அந்தப் பகுதியை என்னால் பின்தொடர முடியவில்லை. அவர் கண்டெடுத்தது இது: விண்டோஸ் தானாக இறக்கிய புதிய ட்ரைவர்தான் இந்தப் பழைய கார்டோடு ஒத்துப்போகவில்லை. முந்தைய பதிப்புக்குத் திருப்பினார். மின்சாரம் மிச்சப்படுத்தக் கார்டை நிறுத்தலாம் என்ற அனுமதியை எடுத்துவிட்டார். அந்தக் கருவிக்கு மட்டும் தானியங்கிப் புதுப்பிப்பைத் தடுத்தார். மூடித் திறந்து, மூடித் திறந்து பார்த்தோம். இரவாகியும் விழவில்லை.

வேலைக்கிடையில் அவர் தன் கதையைத் துண்டு துண்டாகச் சொன்னார். 1990 இல் போர் மூண்டபோது சிறுவனாகத் தாயோடு வள்ளத்தில் இராமேஸ்வரம் போனவர். மண்டபம் முகாமில் இருந்தபடி இராமநாதபுரத்தில் ஒரு வானொலித் திருத்தும் கடையில் கைப்பிள்ளையாக நின்றார். சம்பளம் சாப்பாடு மட்டும். “முதலாளி ஒரு நாளும் இது என்ன பழுதெண்டு சொல்லித்தர மாட்டார். நீயே கேள், ரேடியோ சொல்லும் எண்டுவார்.” 1992 இல் அகதிகளை இலங்கைக்குத் திருப்பியனுப்பத் தொடங்கியபின் ஊர் திரும்பி, பேசாலை முகாமில் இருந்து மற்றவர்களின் வானொலிகளைத் திருத்தினார். 2002 போர்நிறுத்தத்தோடு தொண்டு நிறுவனங்கள் கணினிகளைக் கொண்டுவந்தன. அவற்றின் யூபிஎஸ் திருத்தக் கூப்பிட்டார்கள், பிறகு கணினியையே திருத்தச் சொன்னார்கள். ஆங்கிலக் கைநூல்களை அகராதி வைத்து வாசித்தார். திரையில் வரும் ஒவ்வொரு பிழைச் செய்தியையும் கொப்பியில் எழுதி, பக்கத்தில் தமிழில் அது என்ன செய்தது என்று குறித்தார். அந்தக் கொப்பிகள் இன்னும் மேசைக்கடியில் இருக்கின்றன. வானொலிக் கடையில் கற்ற பாடத்தைத்தான் இன்றைக்கும் செய்கிறார்: பொருளைப் பேசவிடுவது.

இவ்வளவுக்கும் அவர் ரீச்சரிடம் வாங்கிய காசு, வீணாகப் போட்ட ரம்மின் விலையில் ஒரு சிறு பங்கு. அதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது, இன்னும் அடங்கவில்லை. ஒரு ரம்மைக் கையில் வைத்துக் காட்டினால் காசு கொடுக்கிறோம். இரவு முழுக்க விழித்திருந்து ரம்மில் பிழையில்லை என்று ஒருவர் சொன்னால் ‘சும்மா பார்த்ததுதானே’ என்கிறோம். அதனால் கடைகள் பார்ப்பதை விட்டுவிட்டு விற்பதைப் பழகிக்கொண்டன. பாவித்த லப்டொப்புகள் வெளிநாட்டிலிருந்து கொள்கலனில் கொழும்புக்கு வருகின்றன. அங்கே ஒரு கை, வவுனியாவில் ஒரு கை, மன்னாரில் ஒரு கை. ஒவ்வொரு கையும் தன் இலாபத்தை ஏற்றுகிறது. நல்ல கார்டையும் நல்ல பற்றரியையும் வழியில் கழற்றிவிட்டு, கிடைத்ததை மாட்டி அனுப்புவதும் நடக்கிறது என்கிறார் அண்ணன். 2022 இல் ரூபாய் சரிந்து, டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறியபோது உதிரிப்பாக விலை அதே வேகத்தில் ஏறியது. திருத்துபவரின் கூலி ஏறவில்லை. கடைசிக் கையில் விழும் பொருளைச் சரிசெய்து, முதல் மூன்று கையும் செய்த பிழைக்குத் திட்டும் வாங்குபவர் அவர்.

இப்போது வரும் மெல்லிய லப்டொப்புகள் பலவற்றில் வயர்லெஸ் சிப் மதர்போர்டிலேயே ஒட்டப்பட்டிருக்கிறது. கழற்றிப் பார்க்க வழியில்லை. உப்பேறினால் முழுப் பலகையையும் மாற்றச் சொல்வார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு சட்டம் கொண்டுவந்தது. சலவை இயந்திரம், கைத்தொலைபேசி, டப்லெட் எல்லாம் அதன் பட்டியலில் உண்டு. லப்டொப் இன்னும் இல்லை. கடலோரத்தில் வாழும் நமக்கு அந்த உரிமை ஐரோப்பாவை விட அவசியம். நமக்கு உப்பும் உண்டு, புதிது வாங்கக் காசும் இல்லை.

அண்ணனிடம் வேலை பழகிய பெடியன் ஒருவன் தொழிற்பயிற்சி அதிகாரசபையில் சான்றிதழும் எடுத்துக்கொண்டு கட்டாருக்குப் போய்விட்டான். அவனைக் குறை சொல்ல அண்ணனுக்கு மனமில்லை. இப்போது அவருக்கு உதவிக்கு ஆளில்லை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கணினி நீலத் திரையில் விழுந்தால் பதறி உடனே ஃபோர்மட் அடிக்கக் கொடுக்காதீர்கள். கைத்தொலைபேசியால் அந்தத் திரையைப் படமெடுங்கள், கடைசி வரியில் கோப்பின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வைஃபையை நிறுத்திவிட்டு ஒரு நாள் ஓடவிட்டுப் பாருங்கள். கடைக்குக் கொண்டுபோனால் எப்போது, எங்கே, என்ன செய்யும்போது விழுந்தது என்று சொல்லுங்கள். உங்கள் கோப்புகளை முதலில் வேறொன்றில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எந்தப் பாகமும் மாற்றாமல் பழுதை ஒருவர் கண்டுபிடித்துத் தந்தால், பாகம் மாற்றியவருக்குக் கொடுப்பதை விடக் கூடுதலாக அவருக்குக் கொடுங்கள்.