கிச்சனருக்குக் கீழே கிராண்ட் ஆறு

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் டண்டால்க் மேட்டுநிலத்தில் பிறக்கும் கிராண்ட் ஆறு, எலோராவின் சுண்ணாம்புப் பாறைகளை அறுத்துக்கொண்டு தெற்கே இறங்குகிறது. சுற்றுலாக்காரர்கள் படமெடுப்பது அங்கேதான். கவனிக்க வேண்டியதோ வாட்டர்லூ, கிச்சனர் நகரங்களின் சுத்திகரித்த கழிவுநீர் வந்து கலக்கும் இடத்தை. அங்கே கூழாங்கற்கள் மீது சலசலத்தோடும் நீரில் விரல் நீளமே உள்ள வானவில் டார்ட்டர் மீன் வாழ்கிறது. வசந்தத்தில் ஆண்மீனின் உடலில் நீலமும் ஆரஞ்சும் பட்டை பட்டையாக ஏறும். அந்த ஆண்களின் விந்தகத்தைச் சீவி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் உள்ளே சினைமுட்டைகள். கிச்சனர் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கீழே, 2012க்கு முன் பிடித்த ஆண்களில் 70 முதல் 100 சதவீதம் வரை இப்படி இருந்ததாக வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். வெகுதூரம் அலையாத மீன் இது. பழியை வேறு ஊர்மேல் போட வழியில்லை.

ஆண்மீனில் முட்டையை உண்டாக்குவது கழிவுநீரோடு வரும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன். அதற்குக் கருத்தடை மாத்திரையைக் குறைசொல்வது பலருக்கும் எளிது. ஆனால் மனித உடல் இயல்பாகவே வெளியேற்றும் ஈஸ்ட்ரோஜனும் அதே சாக்கடையில்தான் வருகிறது. மாத்திரையை நிறுத்தினாலும் அது நிற்காது. 2012இல் கிச்சனர் நிலையம் காற்றூட்டலைக் கூட்டியது. அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்கள் வளர்வதற்காகச் செய்த வேலை அது. மீனின் பாலினம் யார் கணக்கிலும் இல்லை. கூடவே ஈஸ்ட்ரோஜனும் சிதைந்தது. மூன்றே ஆண்டுகளில் பாதிப்பு 10 சதவீதத்துக்கும் கீழே வந்தது.

டார்ட்டர் அழிந்துவிடவில்லையே, லிட்டருக்குச் சில நானோகிராமுக்கு இவ்வளவு செலவா என்று கேட்கலாம். இதே மாகாணத்தின் வடமேற்கில் 260ஆம் எண் ஏரியில் 2001 முதல் 2003 வரை செயற்கை ஈஸ்ட்ரோஜனை லிட்டருக்கு ஐந்தாறு நானோகிராம் அளவில் கலந்து பார்த்தார்கள். ஃபேட்ஹெட் மின்னோ என்ற சிறுமீன் ஏறக்குறைய அற்றே போனது. ஏரி வேறு, ஓடும் ஆறு வேறு என்பது சரிதான். ஆனால் மின்னோ போன்ற குறுகிய ஆயுள் மீனுக்கு இரண்டு மூன்று இனப்பெருக்கப் பருவம் பிசகினாலே போதும். மீன்கள் கண்முன் அழியும்வரை காத்திருப்பதைச் சிக்கனம் என்று சொல்ல முடியாது.

பாரிஸ், பிரான்ட்ஃபோர்ட் நகரங்களையும் கடந்தால் ‘ஆறு தேசத்தார்’ எனப்படும் பூர்வகுடிகளின் நிலம். 1784இல் ஆற்றின் இருபுறமும் ஆறாறு மைல் அவர்களுக்கென்று அறிவிக்கப்பட்டது. கையில் மிஞ்சியிருப்பது அதில் சிறு துண்டு. மேலே உள்ள நகரங்கள் விடும் நீர் இவர்கள் கரையைத் தொட்டுத்தான் ஈரி ஏரிக்குப் போகிறது. காற்றூட்டலுக்கு எவ்வளவு செலவிடுவது என்ற முடிவு மட்டும் மேலேயே எடுக்கப்படுகிறது.